மணிக்கூலி ஆட்களுக்கு ஓவர்டைம்: முதலில் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில் கணக்கு பார்க்கிறேன். மணிக்கூலிக்கு 25 பேர் வேலை செய்கிறார்கள். புதிதாக வாங்கிய சம்பள மென்பொருளில் ஓவர்டைம் விதியை எப்படி அமைப்பது?

நானும் அதே தொழில்தான். மன்னார்குடி பக்கம் ஒரு புழுங்கலரிசி மில்லில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நோட்டிலிருந்து மென்பொருளுக்கு மாறிய முதல் மாதம் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்களும் முதலில் அங்கேதான் தடுக்கி விழுவீர்கள்.

எளிய கணக்குக்கு மணிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாய்லர் பார்க்கும் அண்ணன் ஒரு வாரத்தில் 54 மணி நேரம் வேலை பார்த்தார். வார வரம்பான 48 மணிக்கு 3,360 ரூபாய், மிச்சம் 6 மணிக்கு இரட்டைக் கூலியாக 840, ஆக 4,200. நான் என்ன செய்தேன்? மென்பொருளில் சாதாரணக் கூலி என்ற சம்பளத் தலைப்புக்கு மொத்த வருகை மணியை இணைத்துவிட்டேன். அது 54 மணிக்கும் 70 போட்டு 3,780 கொடுத்தது. அதற்கு மேல் ஓவர்டைம் (ஓ.டி.) தலைப்பு 840 கொடுத்தது. ஆக, மிகைநேரத்துக்கு மூன்று மடங்கு. இரண்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க முடியுமா? முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். சாதாரணத் தலைப்புக்கு 'வரம்புக்குள் உள்ள மணி', ஓ.டி. தலைப்புக்கு 'வரம்பைத் தாண்டிய மணி' என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

சரி, வரம்பு எது? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமை பற்றிய புதிய தொகுப்புச் சட்டத்தில் நாளுக்கு 8. இரட்டைக் கூலி பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு. எங்கள் மில்லில் நாள் வரம்பை 8 என்றுதான் போட்டிருக்கிறோம். 'அதான் 12 மணி நேர வேலை வந்துடுச்சே' என்று உங்கள் முதலாளி சொன்னால், 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறிய அந்த மசோதா மே தினத்தன்றே திரும்பப் பெறப்பட்டதை நினைவூட்டுங்கள். எங்கள் முதலாளிக்கு நான் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

நாளையும் வாரத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. களத்தில் நெல் காய வைக்கும் ஒருவர் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் 11 மணி நேரம் வேலை பார்த்தார். வியாழன் சொந்த வயலுக்கு அறுவடை மிஷின் வருகிறது என்று லீவு. வெள்ளி, சனி எட்டெட்டு மணி. மொத்தம் 49. மென்பொருளில் வார வரம்பை மட்டும் போட்டிருந்தால் ஓ.டி. ஒரு மணி என்று காட்டும். நாளுக்கு 8 மணி என்ற வரம்பில் நாள்வாரியாகப் பார்த்தால், மூன்று நாளும் மும்மூன்றாக 9 மணி. அவருக்குச் சேர வேண்டியது 9. ஏழு நாளும் எட்டெட்டு மணி வந்தவருக்கோ நாள்வாரியாகப் பூஜ்யம், வாரக்கணக்கில் 8. ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, எது அதிகமோ அதைக் கொடுக்கும்படி சூத்திரம் எழுதுங்கள். இரண்டையும் கூட்டினால் ஒரே மணிக்கு இரண்டு தடவை காசு போகும். குறுவை, சம்பா அறுவடை சமயத்தில் நம் ஊர் ஆட்களின் வருகை இப்படித்தான் மேடும் பள்ளமுமாக இருக்கும். வார வரம்பு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், 'இரட்டை' என்பது எதன் இரட்டை? வெறும் அடிப்படைச் சம்பளத்தின் இரட்டை அல்ல. பஞ்சப்படியும் அதில் சேரும். போனஸ் சேராது. பி.எஃப். பிடித்தம் ஓ.டி. தொகையின் மேல் விழக்கூடாது, அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரவு ஷிஃப்ட் இருந்தால் நள்ளிரவைப் பாருங்கள். ராத்திரி 10 மணிக்கு வந்தவர் காலை 8 மணிக்குப் போனால் வேலை 10 மணி நேரம். மென்பொருள் தேதி மாறும் இடத்தில் வெட்டினால் முதல் நாள் 2, மறுநாள் 8 என்று ஆகி, ஓ.டி. காணாமல் போய்விடும். நள்ளிரவுக்குப் பிந்தைய மணியும் ஷிஃப்ட் தொடங்கிய நாளோடுதான் சேர வேண்டும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு சில்லறை விஷயம், ஆனால் காசு விஷயம். நம் மேஸ்திரிகள் இரண்டரை மணி நேரத்தை நோட்டில் 2.30 என்று எழுதுவார்கள். அதை அப்படியே எக்செலில் அடித்தால் அது 2.3 மணி, அதாவது 2 மணி 18 நிமிடம். ஆளுக்கு 12 நிமிடம் போச்சு. இரட்டைக் கூலியில் அது 28 ரூபாய். 2.5 என்று மாற்றி அடியுங்கள்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் ஓ.டி. மணிக்கு 'புரொடக்‌ஷன்' வகையில் ஒரு வருகை வகை, அதற்கு மணி என்ற அலகு, சம்பளத் தலைப்பில் 'ஆன் புரொடக்‌ஷன்' என்ற கணக்கீட்டு முறை. அது நாம் கொடுக்கும் மணியைக் கூலியால் பெருக்கித் தரும். வரம்பைத் தாண்டியது எத்தனை மணி என்பதை எக்செலில் நாமே போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

லோடு ஏற்றி இறக்கும் ஆட்களை இதில் நுழைக்காதீர்கள். அவர்களுக்கு மூட்டைக் கணக்கு, அதற்கான கணக்கீடே வேறு. தனிக் குழுவாக வையுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, முடிந்துபோன ஒரு வாரத்தை எடுத்து மூன்று பேருக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள்: நடுவில் லீவு போட்டவர், ஏழு நாளும் வந்தவர், இரவு ஷிஃப்ட்காரர். மூவரின் தொகையையும் முதலில் தாளில் கையால் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பைசா சுத்தமாக ஒத்துப்போனால் இந்தச் சனிக்கிழமை சம்பளத்தை அதிலேயே போடலாம். நோட்டையும் இன்னும் இரண்டு மாதத்துக்கு எழுதிக்கொண்டே இருங்கள்.