வெளியிலிருந்து வரும் வீடியோ அழைப்பு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

நீங்கள் வெளியே அழைத்தால் பேச முடிகிறது, வெளியிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை என்கிறீர்கள். வீடியோ அழைப்புக் கருவியை விடுங்கள், நெட்வொர்க்கின் வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வெளியே போகும் இணைப்பை அது பொதுவாகத் தடுப்பதில்லை. உள்ளே வர நாம்தான் வழி திறக்க வேண்டும். எந்த போர்ட்டை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வழி) திறப்பது என்பது கருவி அழைப்புக்குப் பயன்படுத்தும் நெறிமுறையைப் பொறுத்தது: எச்.323 என்றால் டிசிபி 1720, சிப் (SIP) என்றால் 5060, அதுவே மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் வழி என்றால் 5061.

ஐபி முகவரிக்கு அழைத்தால் வருகிறது, பெயருக்கு அழைத்தால் வரவில்லையா? பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில், அழைப்பை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று சொல்லும் எஸ்ஆர்வி பதிவைப் பாருங்கள்.

அழைப்பை எடுத்த பிறகு படமும் ஒலியும் இல்லையென்றால் கதை வேறு. கருவி தன் உள் முகவரியையே (192.168 என்று தொடங்கும் வகை) எதிர்முனைக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம். கருவியின் நாட் (NAT, உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் முறை) அமைப்பில் பொது முகவரியைக் கொடுத்து, படத்துக்கும் ஒலிக்குமான யுடிபி போர்ட்டுகளையும் திறந்துவிடுங்கள். அப்புறம், ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (சிப் அழைப்பில் உள்ள முகவரிகளை இடையில் திருத்தும் வசதி) இருந்தால் அணைத்துப் பாருங்கள். உதவ வந்து கெடுக்கும் ஆசாமி அது. அழைப்பு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதால், சோதனையை அலுவலக வைஃபையில் செய்யாமல் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.