பதில்: ரவுண்ட்ஸில் கற்பிக்க நேரமே கிடைப்பதில்லை

டாக்டர், உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம், நாற்பது படுக்கை, பின்னால் பன்னிரண்டு மாணவர்கள், வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுமருத்துவத்தில் எம்.டி. முடித்து நானும் அங்கே நின்றவன். ஒவ்வொரு படுக்கையிலும் பாடம் நடத்தப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நாற்பதும் வேண்டாம். முந்தைய நாளே இரண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் ஒப்புதல் கேளுங்கள். அமெரிக்கக் குடும்ப மருத்துவத் துறையினர் 1992-இல் வெளியிட்ட ஐந்து படி கற்பித்தல் முறை இங்கே கைகொடுக்கும். மாணவர் நோய் வரலாற்றைச் சொல்லி முடித்ததும் நீங்கள் விளக்கத் தொடங்காதீர்கள். "என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அடுத்து, "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம், அதில் நான் பல மாதம் தோற்றேன். பிறகு ஒரே ஒரு பொது விதி: மூச்சுத்திணறல் என்றால் கழுத்துச் சிரையைப் பார்க்காமல் நகராதே என்பதுபோல. சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தவறைத் திருத்துவது வராந்தாவில். நோயாளியின் முன்னால் வேண்டவே வேண்டாம்.

எந்த இரண்டு நோயாளிகள் என்ற குழப்பத்துக்கு, 2019-இல் வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தைப் புரட்டுங்கள். தடித்த ஆவணம், படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் மாணவர் தம் கையால் செய்து காட்டவேண்டியவை அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குங்கள். ராஜினாமா கடிதத்தை ஆறு மாதம் கழித்து எழுதிக்கொள்ளலாம்.