அவளிடம் ஸ்க்ரூகேஜைக் கொடுங்கள்

(உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர் பதில் சொல்கிறார்.)

பிளஸ் டூ மாணவி: மெக்கானிக்கல்தான் ஆசை, அக்கா. "வெயிட் தூக்கணும், நைட் ஷிப்ட் வரும்" என்று அப்பா தடுக்கிறார்.

வெயிட் தூக்க கிரேன் இருக்கிறதும்மா. நைட் ஷிப்ட் ஐ.டி.யிலும் உண்டு என்று அப்பாவிடம் சொல். முதல் வருஷ ஃபிட்டிங் வகுப்பில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாய். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். அதில் எரிச்சல் வராமல் பிடிவாதம் வந்தால், தைரியமாக எடு.

இயற்பியல் ஆசிரியர்: லேபில் நான்கு பேருக்கு ஒரு செட். பெண்கள் ஆர்வமே காட்டுவதில்லையே?

யார் கருவியைத் தொடுகிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள் சார். கம்பியின் தடிமனை அளக்கும் ஸ்க்ரூகேஜைப் பையன் திருகுவான். "உன் கையெழுத்து நல்லாருக்கு" என்று நோட்டு அவள் கைக்குப் போகும். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். வருஷக் கடைசியில் ஜீரோ எர்ரர் (கருவியை மூடினாலும் பூஜ்யம் காட்டாத பிழை) பார்க்கத் தெரிந்தது அவனுக்கு மட்டும். விழிப்புணர்வு ஊர்வலமெல்லாம் அப்புறம் நடத்தலாம், முதலில் ரீடிங்குக்கு ரீடிங் ஆள் மாற்றுங்கள். முடிந்தால் பெண்களை மட்டும் கொண்ட ஒரு குழு போடுங்கள். திருக வேறு ஆள் இல்லாவிட்டால் அவர்களே திருகுவார்கள்.

ஒரு தந்தை: மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. செலவுக்கு என்ன வழி?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரி, விடுதிக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

ஒரு தாய்: "குழந்தை பிறந்தால் படித்ததெல்லாம் வீண்" என்கிறார் மாமியார்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான ஏ. லலிதாவின் கதையைச் சொல்லுங்கள். 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்து 1943-இல் பட்டம் பெற்றார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்தடங்களை வடிவமைக்கும் பணியிலும் இருந்தார். அவருக்கு அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பாவின் ஆதரவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சகோதரர் குடும்பமும் இருந்தன. உங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை யார் ஏற்பார் என்று மாமியாரிடமே கேட்டுவிடுங்கள்!

இன்னொரு மாணவி: பியூர் சயின்ஸ் குரூப், கணிதம் இல்லை. இன்ஜினியரிங் போக முடியுமா?

சுற்று வழி உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் பாலிடெக்னிக் சேர்ந்து டிப்ளமோ முடித்தால், பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம்.