தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு: கிளினிக் தவறுகள் பற்றி ஒரு கம்பவுண்டரிடம் கேள்விகள்

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருமங்கலம் பக்கம் இரண்டு டாக்டர்கள் இருக்கும் சின்ன கிளினிக்கில் மருந்து கொடுக்கிறேன். ஊர்க்காரர்களுக்கு இன்னமும் கம்பவுண்டர்தான். எங்கள் கிளினிக்கில் 'தலைப்பாகை நோட்டு' என்று ஒன்று வைத்திருக்கிறோம், நடக்க இருந்து நடக்காமல் போன தவறுகளை அதில் எழுதுகிறோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி (மதுரை அண்ணாநகரில் ஒரு கிளினிக்கின் டியூட்டி டாக்டர்): சார், தவறு நடந்தால் எழுதலாம், சரி. நடக்காததை எதற்கு எழுத வேண்டும்?

டாக்டர், ஒரு கதை சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சம்மாள் என்று கூப்பிட்டால் வரிசையில் மூன்று பேர் திரும்புவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாள், நல்ல கூட்டம். நான் "ஒச்சம்மாளா?" என்றேன், ஒரு ஆத்தா "ஆமாப்பா" என்று கையை நீட்டியது, நான் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை அட்டையை எண்ணிக் கையில் வைத்துவிட்டேன். அந்த ஆத்தாவுக்குச் சர்க்கரையே கிடையாது, பிரஷருக்கு அம்லோடிபின் மட்டும்தான். சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டிய ஒச்சம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஆத்தா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏப்பா கம்பவுண்டரு, எனக்கு வெள்ளை மாத்திரையில்ல குடுப்ப, இதென்ன பச்சையா இருக்கு?" என்றது. அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் மறுநாள் காலை வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காட்டுவேலைக்குப் போயிருக்கும், சர்க்கரை இறங்கி வரப்பில் மயங்கிக் கிடந்திருக்கும்.

ஆத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தவறுக்கான வழி அப்படியே திறந்துதான் கிடந்தது. அதே ஜன்னல், அதே கூட்டம், அதே "ஒச்சம்மாளா?". அடுத்த மாதம் மாத்திரை நிறம் தெரியாத ஒருத்தர் கை நீட்டினால் கதை வேறு. ஆள் விழுந்த பிறகு கிணற்றுக்குச் சுவர் கட்டுவதைவிட, கால் வழுக்கினவன் வந்து சொல்லும்போதே கட்டிவிடலாம் இல்லையா. செலவும் குறைவு, அழுகையும் இல்லை.

கேள்வி (அதே டாக்டர்): அதற்கு என்ன செய்தீர்கள்? "கவனமாக இருங்கள்" என்று போர்டு வைத்தீர்களா?

போர்டு வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். நான் அன்றைக்குக் கவனமாகத்தான் இருந்தேன். தப்பு என் கேள்வியில். "ஒச்சம்மாளா?" என்று கேட்டால் காது சரியாகக் கேட்காதவர்கூட "ஆமா" என்பார். "உங்க பேர் என்ன?" என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். பேர் ஒன்றாக இருப்பதால் கூடவே வீட்டுக்காரர் பேரையும் கேட்போம் என்று முடிவு செய்தோம். இரண்டே நாளில் அது படுத்துவிட்டது, ஏனென்றால் அந்தக் காலத்து ஆத்தாக்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டார்கள். சிரிக்கும், முந்தானையால் வாயைப் பொத்தும், பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லும், வரிசை நிற்கும். அப்புறம் மூத்த பிள்ளை பேர், எந்தத் தெரு என்று மாற்றினோம். அது ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. முதலில் யோசித்த வழி பெரும்பாலும் சரிப்படாது, இரண்டாவது மூன்றாவது முறையில்தான் பிடிபடும்.

கேள்வி (மேலூர் பக்கம் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்): அண்ணே, எழுதினால் எனக்கே மெமோ வந்துவிடாதா? எங்கள் இடத்தில் நிச்சயம் வரும்.

தங்கச்சி, பயம் நியாயமானது. நான் முன்னால் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு சின்னப்பெண், "சார், ஊசியை மாற்றி எடுத்துவிட்டேன், குத்துவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன்" என்று தானாக வந்து சொன்னாள். பொறுப்பில் இருந்தவர் ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில் வைத்துக் கத்தினார். அதன்பிறகு ஆறு மாதம் நோட்டு வெள்ளையாகவே இருந்தது. அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார், "என் இடத்தில் தவறே கிடையாது" என்று!

விமானக்காரர்கள் இதை ரத்தம் சிந்தித்தான் கற்றார்கள். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கமுள்ள டலஸ் (Dulles) விமான நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி, உள்ளே இருந்த 92 பேரும் இறந்தார்கள். தரையிலிருந்து வந்த அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு விமானிகள் சீக்கிரமே கீழே இறங்கிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால், அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் இன்னொரு கம்பெனியின் விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தில் மாட்டி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது, மற்றவர்களுக்குச் சேதி போகவில்லை. அப்புறம் 1976ல் விமானிகள் தப்பிப் பிழைத்த சம்பவங்களை எழுதி அனுப்ப ஒரு ஏற்பாடு வந்தது. அதை லைசென்சில் கைவைக்கும் அதிகாரம் உள்ள அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கையில் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றமாகவோ இல்லாதவரை தண்டனை இல்லை. எழுதியவர் பேர் உள்ள துண்டை அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் இடத்துக்கு நாசா வராது. ஆனால் நோட்டு மெமோ கொடுக்கிறவர் மேசையில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் கேட்டுப் பாருங்கள். எங்கள் கிளினிக்கில் டாக்டர்தான் முதல் பக்கத்தில் தன்னுடைய தவறை எழுதினார், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதே வகை மருந்தான அமாக்சிசிலின் எழுதப் போனதை. அதைப் படித்த பிறகுதான் மற்றவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

கேள்வி (கீழவாசல் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்): டாக்டர் கையெழுத்து புரியாததால் வரும் வினையை எந்த நோட்டில் எழுத?

உங்கள் நோட்டிலேயே எழுதுங்கள், மாதக் கடைசியில் அந்த டாக்டரிடமே காட்டுங்கள். மருந்தின் ஜெனரிக் பேரை, அதாவது கம்பெனி வைத்த பேரை இல்லாமல் மருந்தின் பொதுப்பேரை, புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியே 2016ல் திருத்தப்பட்டது. சண்டைக்காரர் மாதிரிப் போகாமல் "டாக்டர், இந்த மாதம் உங்கள் சீட்டில் இதைப் படிக்க மூன்று பேர் கூடினோம்" என்று போனால் பெரும்பாலும் சிரித்துவிட்டு மாறுவார்கள். மாறாதவர்களும் உண்டு. சந்தேகம் என்றால் போன் போட்டுக் கேட்காமல் மருந்தைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி (வாடிப்பட்டியிலிருந்து ஒருவர்): காலையில் மட்டும் 150 ஓ.பி. இதில் கட்டுரை எழுத நேரம் ஏது? இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குச் சரி.

கட்டுரை யார் கேட்டார்? போன மாதம் எங்கள் நோட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

"செவ்வாய் 11.20. ஆறு மாதக் குழந்தை, காய்ச்சல். சீட்டில் பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கையில் எடுத்தது டிராப்ஸ். மூடியைக் காட்டி விளக்கும்போது பார்த்தேன். இரண்டும் ஒரே தட்டில் அடுத்தடுத்து."

ஒரு நிமிடம்கூட ஆகாது. நோயாளி பேர் இல்லை, எழுதியவர் பேர் இல்லை. ஆனால் கடைசி வரியில்தான் சரக்கே இருக்கிறது. அந்த சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., டிராப்ஸில் 1 மி.லி.க்கே 100 மி.கி. டிராப்ஸைப் போய் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., நாலு மடங்கு, அதுவும் ஆறு மாதக் குழந்தைக்கு. அன்று மாலையே டிராப்ஸை வேறு அலமாரிக்கு மாற்றி, சொட்டுக்குழாயை ரப்பர் பேண்டு போட்டு பாட்டிலோடு கட்டி வைத்தோம். செலவு ஒரு ரப்பர் பேண்டு.

எழுதினால் அந்த வாரத்துக்குள் ஏதாவது ஒன்று இடம் மாற வேண்டும். மாறவில்லை என்றால் மூன்றாவது வாரம் யாரும் எழுத மாட்டார்கள், எழுதச் சொல்லவும் உங்களுக்கு வாய் வராது.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், அலங்காநல்லூர் பக்கம்): தடுப்பூசியில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஐ.எல்.ஆர். என்கிற தடுப்பூசிக் குளிர்பெட்டியில் தடுப்பூசியும் அதன் கரைப்பானும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. டாக்டர் வீட்டுக் கண் சொட்டு மருந்து, யாரோ வைத்த இன்சுலின், எதுவுமே. 2014ல் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியைக் கலக்கும் கரைப்பானுக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் அட்ராகுரியம் கைமாறிப் போய் 15 குழந்தைகள் இறந்தார்கள். பெட்டியில் வேறு மருந்து இருப்பதைப் பார்த்தால், யாரும் எடுக்கவில்லை என்றாலும், அது நோட்டில் ஏற வேண்டிய விஷயம்தான். அப்புறம், பி.சி.ஜி., எம்.ஆர். தடுப்பூசிகளைக் கலக்கியதும் குப்பியில் மணியை எழுதுங்கள், 4 மணி நேரம்தான் கணக்கு, அதற்கு மேல் போடக் கூடாது. ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்பது வேண்டாம்.

கேள்வி (வீட்டில் அம்மாவுக்கு இன்சுலின் போடும் ஒருவர், திருப்பரங்குன்றம்): நோயாளி பக்கம் நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறைய. இன்சுலின் குப்பியில் 1 மி.லி.க்கு எத்தனை யூனிட் என்பதற்கு 40 என்று போட்டிருக்கிறதா, 100 என்றா, முதலில் அதைப் பாருங்கள். 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 போட்ட மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததைக் கடையிலேயே கண்டுபிடித்தால், வாங்காமல் வந்துவிடுவதோடு நிற்காமல் "மாற்றி எடுத்தீர்கள் அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதுவும் ஒரு ரிப்போர்ட்டுதான். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போங்கள், நாட்டு மருந்து இருந்தால் அதையும். ஒரே மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரண்டு டாக்டர் எழுதியிருப்பது அப்படித்தான் பிடிபடுகிறது.

மருந்து உடம்புக்குள் போய் ஏதாவது செய்துவிட்டால் அது வேறு கணக்கு. முதலில் டாக்டரைப் பாருங்கள், பிறகு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024ல் நீங்களே சொல்லலாம்.

கேள்வி (லேப் டெக்னீஷியன், பேர் வேண்டாம் என்றவர்): ஒரு மாதத்துக்கு எத்தனை பதிவு வந்தால் நல்ல கிளினிக்?

எண்ணிக்கைக்கு இலக்கு வைக்காதீர்கள். இலக்கு வைத்தால் கடைசி வாரம் உட்கார்ந்து கதை கட்டுவார்கள். 1931ல் ஹைன்ரிக் என்பவர் ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சின்னக் காயம், 300 காயமில்லாத சம்பவம் என்று எழுதிவைத்தார், அந்தக் கணக்கை இன்றுவரை எல்லாப் பயிற்சியிலும் ஓதுகிறார்கள். அது தொழிற்சாலைக் கணக்கு, அதையே சரியில்லை என்று மறுத்தவர்கள் உண்டு, அதைக் கொண்டுவந்து ஓ.பி.யில் ஒட்ட வேண்டாம். நோட்டு ஆரம்பித்த புதிதில் பதிவு கூடினால் தவறு கூடியது என்று அர்த்தமில்லை, வாய் திறந்தது என்று அர்த்தம். உங்கள் லேபில் ரிசல்ட் தயாராகியும் யாரும் வாங்காமல் கிடக்கிற கவர்களை ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், எழுத வேண்டியது தானாக வரும்.

கேள்வி (அதே மேலூர் தங்கச்சி): அண்ணே, அந்த ஒச்சம்மா ஆத்தாவிடம் நீங்கள் மாற்றிக் கொடுத்ததைச் சொன்னீர்களா?

அன்றே சொன்னேன். "ஆத்தா, என் தப்புதான், நீ கேட்டது நல்லதாப் போச்சு" என்றேன். முறைத்தது, கொஞ்ச நேரம் திட்டியது, பிறகு சரியான மாத்திரையை வாங்கிக்கொண்டு போனது. அடுத்த மாதத்திலிருந்து ஜன்னலிலேயே நின்று ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எண்ணி வாங்கும். பின்னால் இருப்பவர்கள் "நகரு ஆத்தா" என்றால், "அன்னைக்கு நகர்ந்திருந்தா என்னாயிருப்பேன்னு இந்தக் கம்பவுண்டரைக் கேளு" என்று என்னைக் கையைக் காட்டும். நான் ஓய்வு பெறும்வரை மாதாமாதம் இது நடந்தது.