மூளை பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நரம்பியல் வார்டில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதி ஒருவர், இலங்கை மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

மிஸ், மூளையின் பகுதிகளான மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் மூன்றும் எனக்குக் குழம்புகின்றன. எப்படிப் படிப்பது? (சாதாரண தர மாணவி, ஹட்டன்)

வேலையை வைத்துப் படியுங்கள் மகள். பஸ் கிளம்பப் போகிறது, ஓடலாம் என்று முடிவெடுப்பது மூளையம். படிக்கட்டில் தடுமாறாமல் உடம்பைச் சமநிலையில் வைப்பது பின்னால் கீழே இருக்கும் மூளி. நீங்கள் நினைக்காமலே மூச்சும் இதயத் துடிப்பும் வேகமெடுக்கின்றனவே, அதைக் கவனிப்பது நீள்வளைய மையவிழையம். அங்கே பலத்த அடி பட்டால் மூச்சே நின்றுவிடலாம். இன்னொன்று: மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இருப்பது சின்னதாகத் தெரியும் அந்த மூளியில்தான்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது பக்கத்து நிரையில் நிற்பவருடன் கதைத்துக்கொண்டே இருப்பார், கை தன்பாட்டில் ஓடும். அது எப்படி? (மஸ்கெலியா)

புதிதாகப் பழகும்போது ஒவ்வொரு அசைவையும் மூளையத்தின் முன்பகுதி கவனித்துத்தான் செய்ய வேண்டும். பழகப் பழக அந்த வேலையின் பெரும்பகுதியை மூளியும், மூளையத்தின் ஆழத்தில் உள்ள நரம்புக்கலத் திரள்களும் ஏற்றுக்கொள்கின்றன. அப்புறம் முன்பகுதிக்குக் கதைக்க நேரம் கிடைக்கிறது. முற்றின இலையை விட்டு இரண்டு இலையும் மொட்டும் மட்டும் கிள்ளுவதற்குக் கண், விரல் நுனி, மூளை மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். இதைத் திறமை தேவையில்லாத கூலி வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாங்கள் சொல்வது விளங்குகிறது, ஆனால் அவருக்குப் பேச வரவில்லை. டொக்டர் இடது பக்க மூளையில் பாதிப்பு என்கிறார். வலது பக்கம் விழுந்ததற்கு இடது மூளையா? (பண்டாரவளை)

ஆமாம். அசைவுக் கட்டளையைக் கொண்டுபோகும் நரம்புகளில் பெரும்பாலானவை நீள்வளைய மையவிழையத்தில் பக்கம் மாறுகின்றன. அதனால் இடது மூளை வலது கையை ஆள்கிறது. பேச்சை உருவாக்கும் இடமும் பெரும்பாலானோருக்கு இடது முன்பகுதியில்தான். 1861இல் பிரான்ஸில் புரோக்கா என்ற வைத்தியர், சொல்வதை விளங்கிக்கொண்டும் ‘டான்’ என்ற ஓசையைத் தவிர ஏறக்குறைய வேறு எதுவும் பேச முடியாதிருந்த ஒருவரின் மூளையை, அவர் இறந்த பின் பரிசோதித்து இந்த இடத்தைக் காட்டினார்.

உங்கள் அப்பாவுக்குப் புத்தி போகவில்லை. தயவுசெய்து அவர் முன்னால், அவர் இல்லாததுபோலக் கதைக்காதீர்கள். சத்தம் போட்டும் பேச வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது. ‘தேத்தண்ணி வேணுமா?’ என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள், பொறுத்திருங்கள். பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.

பாரிசவாதம் வந்தால் விடியும்வரை பார்த்துவிட்டுக் கூட்டிப் போகலாமா? நாங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறோம். (தலவாக்கலை)

கூடவே கூடாது. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதுவும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. மலைப்பாதையில் போகும் நேரமும் அதற்குள்தான் அடங்கும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும். அஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.

பாட்டி சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்கிறார், காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார். (ஹப்புத்தளை)

புது நினைவைப் பதிய வைக்க ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்புக்காக அந்தப் பகுதியில் பெரும்பங்கை இருபுறமும் அகற்றினார்கள். பழைய நினைவுகள் பல இருந்தன, புதியவை நிலைக்கவில்லை. அல்சைமர் நோயும் இந்தப் பகுதியை ஆரம்பத்திலேயே தாக்கும். ஆனால் தைரொயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு போன்றவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்கு மருந்து இருக்கிறது, ஆகவே வயசு என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் பாவிக்கிறோமாமே? (பதுளை)

இல்லை தம்பி. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதுகூட உடலின் சக்தியில் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. ஸ்கேனில் பார்த்தால் தூக்கத்திலும் முழு மூளையும் இயங்குவது தெரியும்.