பிள்ளைக்கு ஏ.ஐ. பி.டெக் வேண்டாம், அண்ணாச்சி

குலசேகரத்திலிருந்து எழுதிய அண்ணாச்சிக்கு,

பிளஸ் டூ முடித்த மகளை ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் பி.டெக்கில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்லி துபாயிலிருக்கும் மைத்துனர் தினமும் போன் போடுகிறார்; ரப்பர் விளையை ஒற்றிக்குக் கொடுத்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் விளையை ஒற்றிக்குக் கொடுக்காதீர்கள். படிப்பின் பெயரில் ஏ.ஐ. இருந்தால் வேலையும் அதில் கிடைக்கும் என்று மைத்துனர் நம்புகிறார். பணம் கட்டப்போவது அவர் இல்லை. பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கவில்லை. பட்டா மாறுதல் முதல் வங்கிக் கடிதம் வரை வீட்டுக்கு வரும் எல்லாத் தாளையும் அவள்தான் வாசித்து விளக்குகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

மருத்துவம், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் உண்டு. நான் வேறொன்று சொல்கிறேன். ஒரு ஏ.ஐ. மென்பொருள் சட்டத்தின் கண்ணில் எவ்வளவு அபாயமானது என்று மதிப்பிடும் வேலை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் கட்டம் கட்டமாக அமலாகின்றன. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் செய்த மென்பொருளானாலும், அது தரும் முடிவு ஐரோப்பாவில் பயன்பட்டால் அந்தச் சட்டம் பாயும். தடை செய்த வகையைச் செய்தால் அபராதம் 3.5 கோடி யூரோ வரை, அல்லது உலக வருவாயில் 7 சதவீதம் வரை. எது அதிகமோ அது.

வேலை விண்ணப்பங்களை வடிகட்டும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மதிப்பிடுபவர் முதலில் சட்டத்தின் தடைப் பட்டியலைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்கும் வசதி உள்ளே இருக்கிறதா? பணியிடத்திலும் கல்வி நிலையத்திலும் அதற்குத் தடை; மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. சரி, அது இல்லை. அடுத்து அந்தச் சட்டத்தின் 3-ஆம் இணைப்பு: ஆள் எடுப்பது, கடன் தகுதி, கல்விச் சேர்க்கை எல்லாம் அங்கே அதிக அபாயப் பிரிவில் வருகின்றன. அப்போது நிறுவனம் சொல்லும்: "எங்களுடையது விண்ணப்பத்தைப் படித்து அட்டவணை போடுகிறது, அவ்வளவுதான்." குறுகிய நடைமுறைப் பணிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆட்களின் விவரங்களைக் கோத்து அவர்களை எடைபோடுகிறது என்றால் அந்த விலக்கு கிடையாது. விலக்கு பொருந்தும் என்று முடிவெடுத்தாலும் அதற்கான காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும். அதிக அபாயம் என்று ஆகிவிட்டால் பயிற்சித் தரவு, பதிவேடு, மனிதக் கண்காணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஆவணம் தயாராக வேண்டும்.

இதற்குக் கோடு, அதாவது கணினி நிரல், எழுத வேண்டியதில்லை. கோடு எழுதியவரைக் கேள்வி கேட்கவும், சட்டத்தை வரி வரியாக வாசிக்கவும், முடிவைத் தெளிவாக எழுதவும் வர வேண்டும்.

ஐந்தாண்டு சட்டப் படிப்புக்குத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது; பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். விடுதிச் செலவைச் சேர்த்தாலும் நீங்கள் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. படிக்கும்போதே பைத்தான் என்ற நிரல் மொழியின் அடிப்படை, நம் நாட்டின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2023-இல் வெளியிட்ட ஏ.ஐ. அபாய மேலாண்மைக் கையேடு மூன்றையும் பழக வேண்டும். அந்தக் கையேடு இணையத்தில் இலவசம். ஒன்றை மறைக்க மாட்டேன்: முதல் வேலையே இந்தப் பெயரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரவுப் பாதுகாப்பு, ஒப்பந்த ஆய்வு என்று தொடங்கித்தான் இதற்குள் வர முடியும்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஐரோப்பியச் சட்டத்தின் 3-ஆம் இணைப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சில பக்கம்தான். அதைப் பிள்ளையிடம் கொடுத்து, தன் போனிலுள்ள மூன்று செயலிகள் அதில் வருமா வராதா என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். விருப்பமாக எழுதினால் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைப் போடுங்கள். சலித்துக்கொண்டால் அவளையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வாருங்கள், வேறு வழி பார்ப்போம். இரண்டில் எதுவானாலும் அந்த பி.டெக் கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம். மைத்துனரின் எண்ணை அனுப்புங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.