வலி நோயாளிக்குச் சொல்லித் தரும் முன் நீங்கள் செய்து பார்த்தீர்களா?

கேள்வி: நான் பிசியோதெரபிஸ்ட். நாள்பட்ட முதுகுவலியோடு வருகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, பாடி ஸ்கேன் (படுத்தபடி உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோவது), தசைத் தளர்வு (தசையை இறுக்கிப் பிறகு தளர விடுவது) எல்லாம் சொல்லித் தரும்படி எங்கள் பிரிவில் கேட்கிறார்கள். எழுதிவைத்த வழிமுறை கையில் இருக்கிறது. எனக்கு வலி ஏதும் இல்லை. நானும் தினமும் செய்தாக வேண்டுமா? எத்தனை நாள்?

பதில்: செய்யத்தான் வேண்டும். சொந்தமாகப் பழகியவரிடம் கற்றால் வலி கூடுதலாகக் குறையும் என்று ஆய்வுகள் அறுதியாகச் சொல்லிவிடவில்லை. நான் வற்புறுத்துவது வேறு காரணத்துக்காக: பயிற்சி எங்கே சிக்கும் என்பது தாளைப் படித்தால் தெரியாது.

மூச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நன்றாக ஆழமாக இழுங்கள்’ என்று எழுதியிருக்கும். அதை அப்படியே செய்தால் சிலருக்குத் தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறுவதால் வருவது அது. ஏற்கெனவே உடம்பை நினைத்துப் பயந்திருப்பவர் மறுநாள் அந்தப் பயிற்சியைத் தொடவே மாட்டார். நீங்கள் ஒருமுறை அனுபவித்திருந்தால், ‘சாதாரணமாக இழுங்கள், வெளியே விடுவதை மட்டும் மெதுவாக்குங்கள்’ என்று தானாகவே மாற்றிச் சொல்வீர்கள்.

பாடி ஸ்கேன் இன்னும் நுணுக்கமானது. மல்லாந்து, காலை நீட்டி, 20 நிமிடம் அசையாமல் படுத்துப் பாருங்கள். வலியே இல்லாத இடுப்புகூட முனகத் தொடங்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், நாற்காலியில் உட்காரலாம் என்பதெல்லாம் அப்போதுதான் தோன்றும். ‘கவனத்தை இடுப்புக்குக் கொண்டு வாருங்கள்’ என்றதும் சிலருக்கு வலி முதலில் கூடும். தாங்கவில்லையென்றால் பாதத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கண்ணை மூடினால் பதற்றமாகிறவர்கள் திறந்தே வைத்திருக்கட்டும். தசைத் தளர்வில் கெண்டைக்காலை முழுதாக இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். பாதி இறுக்கம் போதும்.

எத்தனை நாள் என்றால், ஜான் கபட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகும் பயிற்சி, 8 வாரம். நாள்பட்ட வலிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே அங்கே வந்தார்கள். சொல்லித் தருபவருக்குச் சொந்தப் பழக்கம் இருக்க வேண்டும் என்பது அந்த மரபில் எழுதாத விதிகூட அல்ல, வெளிப்படையான நிபந்தனை. அதே 8 வாரத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் ஒன்றாகத் தொடங்காமல், ஒன்றை மட்டும் எடுத்து தினம் 10, 15 நிமிடம் செய்யுங்கள். தலைவலிக்கிற நாளில் விட்டுவிடாதீர்கள். நோயாளி செய்யப்போவது அந்த மாதிரி நாட்களில்தான்.

ஒரு எச்சரிக்கை. ‘எனக்கு இது நன்றாக வேலை செய்கிறது’ என்று நோயாளியிடம் சொல்ல வேண்டாம். வலியில்லாதவர் அப்படிச் சொன்னால், ‘அப்போ எல்லாம் மனசுலதான்னு சொல்றீங்களா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள், நியாயமாகவே. வலி நிஜம், அதைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் நரம்பு மண்டலத்துக்குப் பங்குண்டு, அந்தப் பக்கத்தில் நாம் முயன்று பார்க்கிறோம் என்று சொன்னால் போதும்.

விட்டுப்போன நாட்களில், ஏன் விட்டுப்போனது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். ‘நேரமே இல்லை’ என்று நோயாளி வரும்போது, எழுந்ததும் படுக்கையிலேயே முடித்துவிடுவதா, மதியம் நாற்காலியிலேயே செய்வதா என்று அவரோடு உட்கார்ந்து முடிவுசெய்ய அந்தக் குறிப்பு உதவும்.